வாசற்கதவு திறந்திருந்த பங்களா

அன்று மாலை சரியாக நாலு இருபதுக்குத் தொலைபேசி மணி அடித்தது. நாலரைக்கு அத்தை தூங்கி எழுந்துவிடுவாள். அதற்குள் கம்ப்யூட்டர் விளையாட்டில் ஓர் அறையை முடித்துவிட வேண்டுமென்று, மேலே சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து விளையாடிக்கொண்டிருந்தேன். அதனால்தான் நேரம் இன்னும் மறக்கவில்லை.

பேசியது அம்மா. பின்னால் பஸ் ஹாரன் சத்தம். யாரோ ஒரு கண்டக்டர் "நாகர்கோவில், நாகர்கோவில்" என்று கத்திக்கொண்டிருந்தார்.

"சாப்ட்டியாடி?"

"ஆச்சு."

"ஏதாவது வேணுமா உனக்கு?"

"ஒண்ணும் வேண்டாம்மா. நான் இந்த ரூமை முடிக்கணும்."

மறுபடியும் ஹாரன் அடித்தது. பிறகு "சரி" என்றாள். நான்தான் முதலில் வைத்தேன்.

அந்த விளையாட்டை, ஊருக்கு வந்த சித்தப்பா சிடியில் கொண்டுவந்திருந்தார். மலைமேல் ஒரு பாழடைந்த பங்களா. காணாமல்போன தங்கையைத் தேடி, கையில் டார்ச்சுடன் ஒரு பெண் உள்ளே நுழைவாள். ஒவ்வோர் அறையிலும் சாமான்கள் தாறுமாறாகக் கிடக்கும். திரையின் அடியில் பன்னிரண்டு பொருட்களின் பெயர்கள்: கத்திரிக்கோல், மெழுகுவர்த்தி, பொம்மையின் கை. எல்லாம் கிடைத்தால்தான் அடுத்த அறை திறக்கும். தப்பான இடத்தில் கிளிக் செய்தால் எங்கோ ஒரு கதவு கிறீச்சிடும். திணறினால் குறிப்பு கேட்கலாம். ஆனால் ஒருமுறை கேட்டுவிட்டால் அடுத்ததற்கு ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும்.

வீட்டில் எல்லோருக்கும் அதைப் பற்றி ஒரு கருத்து இருந்தது. படமெல்லாம் தேவலை, பேய்க்குத்தான் நடிக்கத் தெரியவில்லை என்பது சித்தப்பாவின் கருத்து. அப்பா பார்க்காமலேயே கண் கெட்டுப்போகும் என்றார். விளக்கு வைக்கிற நேரத்தில் பேயைக் கூப்பிடாதே என்று திட்டிய அத்தை, கதவோரம் நின்று முழுதும் பார்த்தாள். அம்மா கரண்டியோடு என் பின்னால் வந்து நிற்பாள். "கத்திரி அந்தக் கடிகாரத்துக்குப் பின்னால" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குத் திரும்பிவிடுவாள். அவளிடம் குறிப்பு கேட்டால் ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டாம். கிழக்கேகோட்டையில் கோயிலை ஒட்டிய தெருவிலிருந்த எங்கள் வீட்டிலும் நாள் முழுவதும் அவளுக்கு அதே வேலைதான். அப்பாவின் கண்ணாடி, அத்தையின் விபூதிச் சம்புடம், என் அளவுகோல் எல்லாம் அவளைக் கேட்டால்தான் கிடைக்கும்.

விளையாட்டைப் பற்றி அம்மா சொன்ன குறை ஒன்றே ஒன்று.

"வாசக்கதவு திறந்துதானே கெடக்கு. இவ எதுக்கு உள்ளேயே சுத்திண்டிருக்கா?"

"தங்கச்சி உள்ள இருக்காம்மா."

"ஓ" என்றாள்.

போன வாரம் என் பெண் இதே மாதிரி ஒரு விளையாட்டு வேண்டுமென்றாள். வாங்குமுன் மற்றவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்ப்பது என் வழக்கம். குறிப்பு சீக்கிரம் வருவதில்லை என்றார் ஒருவர். பயமே இல்லை, ஏமாற்றம் என்றார் இன்னொருவர். மூன்றாமவர் இரண்டு நட்சத்திரம் கொடுத்திருந்தார்: கதவு திறந்திருக்கும்போது இந்தப் பெண் ஏன் வெளியே போவதில்லை, நம்பும்படி இல்லை. லேப்டாப்பை மூடிவிட்டேன். அன்று முதல் தூக்கம் சரியில்லை. என் பெண் திரையைப் பார்த்துக்கொண்டே "ஒண்ணும் வேண்டாம்மா" என்று சொன்னால் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறேன்.

அம்மா போன் செய்த அந்த நாள் அப்பா ஆறு மணிக்கு வந்தார். சட்டையைக் கழற்றிக்கொண்டே "என் வேஷ்டி எங்கே?" என்று உள்ளே பார்த்துக் கேட்டார்.  இரண்டாம் தடவையும் கேட்டார்.

"பழவங்காடிக்குப் போயிருப்பா" என்றாள் அத்தை. "பிள்ளையாருக்குத் தேங்கா உடைக்கணும்னு சொல்லிண்டிருந்தா கேட்டியா. பின்னே எங்கே போவா?"

எனக்கு அப்போது வேறொரு யோசனை வந்தது. நோட்டின் கடைசிப் பக்கத்தை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றினேன். குடை இல்லை. பழுப்புக் கைப்பை இல்லை. கண்ணாடிக்கு முன்னால் இருக்கும் பொட்டுச் சிமிழ் இல்லை. கொடியில் இரண்டு புடவை இல்லை. அலமாரியின் மேல்தட்டில் எப்போதும் தூசியோடு கிடக்கும் நீல ஃபைல் இல்லை. இருப்பதைக் கண்டுபிடிப்பதைவிட இல்லாததைக் கண்டுபிடிப்பது கஷ்டம். அதனால் முதலில் பெருமையாகத்தான் இருந்தது. ஆறாவதைத் தேடும்போதுதான் கண்டக்டரின் குரல் ஞாபகம் வந்தது.

பட்டியலை அப்பாவிடம் கொடுத்தேன். அவர் இரண்டு முறை படித்தார். அலமாரிக்கு முன்னால் போய், தூசியில் ஃபைல் இருந்த இடம் மட்டும் சதுரமாகச் சுத்தமாயிருந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதில் அம்மாவின் பட்டச் சான்றிதழ்கள் இருந்தன என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரியவந்தது.

"போன் ஏதாவது வந்துதா?"

"இல்லை" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. சொன்ன பிறகு மாற்றவும் முடியவில்லை.

அடுத்த அரைமணி நேரம் அப்பாவும் அத்தையும் ஸ்கூட்டர் சாவியைத் தேடினார்கள். மேஜை இழுப்பறையைத் தரையில் கொட்டினார்கள். "இந்த வீட்ல ஒரு சாமான் வெச்ச இடத்துல இருக்கறதில்ல" என்றார் அப்பா. "வெக்கிறவ இல்லையே" என்றாள் அத்தை.  சாவி காலண்டர் மாட்டிய ஆணியில், எல்லோர் கண்முன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

அப்பா ஸ்கூட்டரைத் தெருவில் இறக்கினார். ஆனால் கிளப்பவில்லை. எங்கே போவதென்று அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். பஸ் ஸ்டாண்ட் என்று மட்டும் சொன்னால் போதும். தெருவிளக்குகள் எரிந்தன. கோயிலுக்குப் போகிறவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். "அப்பா" என்றேன். அவர் திரும்பினார்.

அப்போது தெருமுனையில் அம்மா வந்துகொண்டிருந்தாள். தோளில் பை, கையில் குடை. அப்பா சாவியைக் கையில் மூடிக்கொண்டார். 

"தேங்கா உடைச்சாச்சா?" என்று உள்ளிருந்து அத்தை கேட்டாள்.

"ஆச்சு" என்றாள் அம்மா.

நேராகக் கம்ப்யூட்டர் அறைக்கு வந்தாள். நான் பாதியில் விட்ட அறை திரையில் அப்படியே இருந்தது. டார்ச்சைப் பிடித்தபடி அந்தப் பெண் நின்றிருந்தாள். அம்மா அவளையே பார்த்தாள்.

"இவ இன்னும் வெளியே போகலியா?"

"எப்படிம்மா போவா? இன்னும் ரெண்டு சாமான் கிடைக்கலையே."

அம்மா வந்துவிட்டாள், இனி அறையை முடித்துவிடலாம் என்பதற்குமேல் எனக்கு எதுவும் தோன்றவில்லை. அவள் பையைத் தோளிலிருந்து இறக்காமலே குனிந்து திரையைப் பார்த்தாள்.

"குடை அந்தக் கதவுக்குப் பின்னாலதான் இருக்கு. நன்னாப் பாரு" என்றாள்.