எந்தச் சலங்கை?

போன வாரம் துபாயிலிருந்து அக்கா மகன் ஆர்டர் போட்ட ஸ்பீக்கர், மேலப்பாளையத்தில் என் வீட்டு வாசலில் வந்து இறங்கியது. கூடத்தில் வைத்துப் போட்டால் பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. போனில் சொன்னேன். "மாமா, வாங்குன எல்லாரும் நல்லாருக்குன்னுதான எழுதிருக்காங்க" என்றான். எழுதியவர்கள் என் காதையும் என் கூடத்தையும் இரவல் வாங்கியா கேட்டார்கள்?

எரிச்சலோடு அதைத் திரும்ப அட்டைப்பெட்டிக்குள் திணிக்கும்போது புதுப் பலகையும் பசையும் கலந்த வாசனை அடித்தது. கல்யாணமான புதிதில் நானும் பல்கீஸும் ஏறி இறங்கிய ஜங்ஷன் மாடிக்கடையின் வாசனை. அப்போது நான் நூற்பாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கடையில் தரையெல்லாம் கம்பளம், சுவரெல்லாம் தடித்த திரை. அங்கே கடைக்கார அண்ணாச்சி இருமினால்கூட இனிமையாகத்தான் இருக்கும். அதை நம்பி ஒரு ஜோடி ஸ்பீக்கர் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். எங்கள் வீடோ வெறும் சிமெண்டுப் பெட்டி. மூலையில் வைத்ததும் 'தும் தும்' என்று அதிர, இரும்பு பீரோ கூடவே தாளம் போட்டது. ஆட்டோவில் ஏற்றித் திரும்பக் கொண்டுபோனேன். பிடிக்காவிட்டால் மாற்றித் தருவார், அந்த மட்டில் நல்ல மனுஷர். "பொட்டியக் கொற சொல்லாதேயும் வே, ஒம்ம வீடு அப்பிடி" என்றபடியே வேறு ஜோடி கொடுத்தார்.

இந்தத் தடவை சுவரில் ஜமக்காளத்தைத் தொங்கவிட்டு, பெட்டிகளை மூலையிலிருந்து தள்ளிவைத்தோம். அதிர்வு அடங்கியது. சண்டை ஆரம்பித்தது. எனக்குப் பாட்டு போர்வைக்குள்ளிருந்து வந்தது. அவளுக்கோ காதில் ஊசி குத்தியதாம். நான் கூட்டிவைப்பேன், அவள் குறைத்துவிட்டுப் போவாள். சாப்பாட்டு நேரத்திலும் இதே வழக்கு. ரசனையே இல்லாதவளைக் கட்டிக்கொண்டோமே என்று மனசுக்குள் புழுங்கினேன். அவளும் புழுங்காமல் இருந்திருக்க மாட்டாள்.

ஒருநாள் பாட்டு ஓடும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "இந்தச் சலங்கைதான் காதைக் குத்துது. இதயுமா கூட்டி வைப்பீங்க?"

"எந்தச் சலங்கை?"

விளையாடுகிறேன் என்று நினைத்து மறுபடி போட்டாள். மூன்றாம் முறை போட்டுவிட்டு, பாட்டைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்தாள். நிறுத்தினாள். பிறகு கேட்டாள்: "அப்ப நான் அடுக்களையில இருந்து கூப்பிடுததும் கேக்கலியா ஒங்களுக்கு? வேணும்னே பேசாம இருக்கீங்கன்னுல்லா நெனச்சேன்."

டாக்டர் பார்த்தார். ஆலை மெஷின் இரைச்சல் மெல்லிய சத்தங்களைத் தின்றுவிட்டது, இனி திரும்பாது என்றார்.

இந்தத் தடவை பெட்டிகளை மாற்றவில்லை. இரண்டையும் என் நாற்காலியை நேராகப் பார்க்கும்படி பல்கீஸ் திருப்பிவைத்தாள். அவள் விலகிப் பக்கவாட்டில் உட்கார்ந்துகொண்டாள். அங்கே அவளுக்கு ஊசி குத்தவில்லை. எனக்கும் சலங்கை இருக்கிற இடம் லேசாகத் தெரிந்தது, அல்லது தெரிந்ததாகச் சொன்னேன்.

அந்தப் பெட்டிகள் எப்போதோ போயின. ஆலை இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள். மாடிக்கடையில் இப்போது போன் உறை விற்கிறார்கள். எதையும் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கேட்டுப் பார்க்க விடுகிற ஆள் ஊரிலேயே இல்லை. டாக்டரைப் பார்த்த அன்றோடு போன இன்னொன்றும் உண்டு. "எத்தன தடவ கூப்பிடுதது" என்ற அதட்டல் பிறகு எங்கள் வீட்டில் எழவேயில்லை. பல்கீஸ் ஈரக்கையோடு நடந்து வந்து, தோளைத் தொட்டுவிட்டுத்தான் பேசுகிறாள்.