அலரிக் குச்சி

இராசரத்தினத்துக்கு ஒரு புழுவின் மேல் பொறாமை. சொன்னால் சிரிப்பீர்கள். கொலன்னாவை எண்ணெய்க் கிடங்கில் ஸ்டோர்கீப்பராக இருந்து, கொட்டாஞ்சேனை வீட்டை எண்பத்துமூன்றுக் கலவரத்தில் எரியக் கொடுத்து, வெள்ளவத்தையில் வாடகைக்குக் குந்திய மனுசன். பிள்ளைகுட்டி இல்லை. பென்சனுக்குப் பிறகு அவருக்கு மிஞ்சிய ஒரே சந்தோஷம் மனைவி கனகேஸ்வரியின் கதை. காலைத் தேத்தண்ணீரோடு ஊர்ப் புதினமெல்லாம் அவருக்குத்தான் சொல்லுவாள்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு ஐப்பசி மழையோடு வாசல் அலரியில் அந்தப் பச்சைப்புழு வந்து சேர்ந்தது. வாலில் கொம்பு, கழுத்தில் இரண்டு நீலப் பொட்டு. அவள் அதைப் பெரிய பிஸ்கட் போத்தலில் விட்டு இலை போட்டாள். கதையும் அதற்கே போயிற்று.

"இஞ்சேரும், என்ர தேத்தண்ணி?"

"பொறுங்கோ, பிள்ளை சாப்பிடட்டும்."

பிள்ளையாம், பிள்ளை! மனுசனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிறகு புழு தின்பதை விட்டு, நிறம் மங்கி, சருகுக்குள் புகுந்து கூடாகிக் கிடந்தது. சனியன் தொலைந்தது என்று பார்த்தால், அவள் அசையாத கூட்டுக்கு முன்னால் கதிரை போட்டுக் குந்திவிட்டாள். போத்தலுக்குள் ஓர் அலரிக் குச்சியும் நட்டாள்.

"கூடு கறுத்திட்டுது, இண்டைக்கு அந்துப்பூச்சி வந்திடும். வரேக்க செட்டை சுருண்டிருக்குமாம். ஏறித் தொங்கினாத்தான் விரியும். பக்கத்து வீட்டு ஷபீகா டீச்சர் சொன்னவ."

தனக்குக் காய்ச்சல் வந்தபோது இப்படிப் பக்கத்தில் இருந்தாளா? இருந்தாள்தான். வயிற்றெரிச்சலில் அதெல்லாம் ஞாபகம் வருமா? அவள் முழுகப் போனதும் குச்சியை உருவி ஜன்னலால் எறிந்தார்.

அந்த நேரம் பார்த்துக் கதவில் தட்டினார்கள். சுற்றிவளைப்பு; தமிழர் வீடுகளிலெல்லாம் பொலிஸ் சோதனை. அவருடைய அடையாள அட்டையில் இன்னும் எரிந்துபோன கொட்டாஞ்சேனை வீட்டு விலாசம்; அதுவே சந்தேகத்துக்குப் போதும். "யமு, மாத்தயா" என்று சிங்களத்தில் வரச் சொல்லி, பொலிஸ்காரன் அவரை ஜீப்பில் ஏற்றினான்.

பொழுதுபடத்தான் விட்டார்கள். பொலிஸ் நிலைய வாசலில் கனகேஸ்வரி நின்றாள். காலையில் முழுகிய தலை இன்னும் முடியாமல் கிடந்தது.

"சாப்பிட்டீரோ?"

"நீங்கள் உள்ளுக்கு இருக்க நான் சாப்பிடுறதோ?"

"உம்மட பூச்சி?"

"அது கிடக்கட்டும். நடவுங்கோ."

வென்றாயிற்று. காலி வீதியில் இராசரத்தினம் மாப்பிள்ளை மாதிரி நடந்தார்.

வீட்டில், போத்தலின் அடியில் அந்துப்பூச்சி கண்ணாடியில் ஏறுவதும் வழுக்கி விழுவதுமாக இருந்தது. பச்சைச் செட்டைகள் கசங்கியபடியே காய்ந்துவிட்டன. இனி அவை விரியப்போவதில்லை.

கனகேஸ்வரி போத்தலை மடியில் வைத்துக்கொண்டாள்.

"குச்சி எங்க? உங்களுக்குப் பின்னால ஓடி வந்த அவசரத்தில நான்தான் தட்டி விழுத்திட்டன் போல. பாவி நான்."

இராசரத்தினம் சேர்ட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"ஓம்," என்றார். "அப்பிடித்தான் இருக்கும்."