விடுப்பு நீட்டிக்கச் சேலம் போன கதை

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு மல்லசமுத்திரத்தில் பஸ் ஏறினேன். சேலம் ஏறக்குறைய பதினெட்டு மைல், கட்டணம் ஐந்தணா. எனக்கு மலாய் நாட்டுச் சர்க்காரில் குமாஸ்தா வேலை. ஆறு வருஷ வேலைக்குப் பின் பத்து மாத விடுப்பில் ஊர் வந்திருந்தேன். வெள்ளிக்கிழமை நாகப்பட்டினத்தில் கப்பல். ஆனால் பெண் குழந்தை பெற்றுப் பதினோரு நாளே ஆன என் மனைவி பொன்னாயி, காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தாள்.

கப்பலைத் தவறவிட்டால் வேலை போய்விடும். சர்க்கார் டாக்டரின் சர்ட்டிபிகேட் இருந்தால் விடுப்பு நீளும். அதுவும் உத்தியோகஸ்தனுக்கே நோய் வந்தால்தான். மனைவியின் நோயை விதிப் புத்தகம் கண்டுகொள்வதில்லை. இருந்தாலும் சேலம் டாக்டரிடம் கேட்டுப் பார்க்கலாம் என்றுதான் கிளம்பினேன்.

ஆட்டையாம்பட்டியில் மேச்சேரி ஆட்டு வியாபாரி ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மலாய் என்றதும் சம்பளத்தைத்தான் முதலில் கேட்டார்.

"அங்க வெள்ளிக் கணக்குங்க. ஒரு வெள்ளிக்கு நம்ம காசுல ஒன்றரை ரூபாய்க்குக் கொஞ்சம் மேல. விடுப்புல பாதிச் சம்பளம், அதையும் ரூபாயாத்தான் சேலம் கஜானாவுல தருவாங்க."

"தொரைமாருக்கும் அப்படித்தானுங்களா?"

"அவங்களுக்குப் பவுன் கணக்கு. பொண்டாட்டிக்கும் சேர்த்துக் கப்பல் டிக்கெட் காசு உண்டுங்க. நம்ம ஊட்டுக்காரிக்குக் கிடையாது."

என் சங்கடத்தைக் கேட்டுவிட்டு அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒரு வெங்காயத்தை உரிச்சுக் கக்கத்துல வெச்சுக்குங்க சாமி. ஒரு மணி நேரத்துல காச்சல் அடிக்கும். எந்த டாக்டருக்கும் தெரியாது." தம் மூட்டையிலிருந்து வெங்காயம் ஒன்றையும் எடுத்துத் தந்தார். வாங்கிக்கொண்டேன்.

எட்டரை மணிக்குச் சர்க்கார் ஆஸ்பத்திரி. எனக்கு முன்னால் நாற்பது பேராவது இருந்தார்கள். வெங்காயத்தை உரிக்கக்கூடச் செய்தேன். ஆனால் வீட்டில் நிஜமான காய்ச்சலில் ஒருத்தி கிடக்கும்போது கை அதற்குமேல் போகவில்லை. பதினொரு மணிக்கு டாக்டர் முன் நின்று உள்ளதைச் சொன்னேன்.

அவர் சர்ட்டிபிகேட் தாளைத் தொடவே இல்லை. "காய்ச்சல் எத்தனை நாளாக? குளிர் உண்டா? வயிறு வலிக்கிறது என்கிறாளா?" என்று வரிசையாகக் கேட்டார். என் பதில்களில் அவர் முகம் மாறியது.

"விடுப்பு கிடக்கட்டும் ஐயா. இது பிரசவத்தால் வந்த காய்ச்சல். நாளைக்கே இங்கே கொண்டு வந்து சேர்த்துவிடுங்கள். பொய்ச் சர்ட்டிபிகேட் நான் தரமாட்டேன். சொந்தக் காரியம் என்று சம்பளமில்லா விடுப்பு கேட்டுத் தந்தி அடியுங்கள். கெடு முடிவதற்குள் கேட்டால் சில மேலதிகாரிகள் கொடுப்பார்கள். என் தகப்பனாருக்காக நானும் ஒருமுறை அப்படிக் கேட்டவன்தான்."

தபால் ஆபீசில், ஆஸ்பத்திரி விலாசத்துக்கே பதில் கேட்டு, மலாய் மேலதிகாரிக்குத் தந்தி கொடுத்துவிட்டு இரண்டு மணி பஸ்ஸில் திரும்பினேன். பஸ்ஸின் குலுக்கலை அவள் தாங்கமாட்டாள் என்று, மறுநாள் விடியற்காலையில் வைக்கோல் பரப்பிய கூண்டு வண்டியில் பொன்னாயியையும் குழந்தையையும் ஏற்றினோம். பஸ்ஸில் இரண்டரை மணி நேரம் ஆன வழி, வண்டியில் எட்டு மணி நேரம் ஆயிற்று. பள்ளம் வரும்போதெல்லாம் வண்டிக்காரர் இறங்கி மாட்டைக் கையால் பிடித்து நடத்தினார். ஆட்டையாம்பட்டி தாண்டியதும் பொன்னாயி கண் திறந்தாள்.

"ஏனுங்க, கப்பலு போயிருச்சுங்களா?"

"இன்னும் இல்லை. நீ பேசாம படு."

வெள்ளிக்கிழமை வரை பதில் வரவில்லை. கப்பல் புறப்பட்டிருக்கும் நேரத்தில் ஆஸ்பத்திரி வராந்தாவில் குழந்தையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தேன். வேலை போயிற்று என்றே முடிவு செய்தேன். சனிக்கிழமைதான் தந்தி வந்தது: ஒரு மாதம், சம்பளமில்லை, அதற்குமேல் இடம் காத்திருக்காது. வாசித்துக் காட்டினேன். காய்ச்சல் அன்றுதான் விட்டிருந்தது.

"சம்பளம் இல்லாட்டிப் போகுதுங்க," என்றாள் பொன்னாயி. "நானும் கூட வாரேன். இந்தத் தடவ என்னை உட்டுட்டுப் போகாதீங்க."

அந்த மாதம் முடிவதற்குள் நாகப்பட்டினம் போய்ச் சேர்ந்தோம். கப்பல் ஆபீஸ் எழுத்தர் என் காகிதத்தைப் பார்த்து, "மலாய் சர்க்கார் உத்தியோகஸ்தர், ஒருவர்" என்று எழுதத் தொடங்கினார்.

"மூன்று பேர்," என்றேன்.