ரீச்சரின் சீலையில் நான் வெட்டிய காலம்

எழுதிப் பழக்கமில்லாதவள் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு என் கையில் பேனாவைவிட ஊசிதான் அதிகம் இருந்தது. சொல்ல வந்ததை முன்னும் பின்னுமாகச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள். பல பெயர்கள் மறந்துவிட்டன, எந்த மாதம் என்பதும் மறந்துவிட்டது. மறக்காத காட்சி ஒன்று இருக்கிறது. பம்பலப்பிட்டியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூட மண்டபம். பன்னிரண்டு பிள்ளைகள் சுவரோரமாக வரிசையில் நின்று, ஒரு நீளத் துணியைப் பிடிப்பதற்காகக் கைகளை முன்னே நீட்டியிருந்தார்கள். ஐந்தாவது பிள்ளையோடு துணி முடிந்துபோனது. மிச்ச ஏழு பேரும் கையை இறக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் வெறுங்கையை நீட்டியபடியே நின்றார்கள். வாசல் ஓரத்தில் நின்று அதைப் பார்த்தவள் நான். அந்தத் துணியைத் தைத்தவளும் நான்.

இரண்டாம் உலக யுத்தம் முடியப்போகிற காலம் அது. நாங்கள் கொட்டாஞ்சேனையில், ஆள் நடக்க மட்டும் இடமுள்ள ஓர் ஒழுங்கையில் இருந்தோம். அப்பா துறைமுகத்தில் கப்பல்களுக்கு நிலக்கரி ஏற்றுகிறவர். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் அவருடைய கழுத்து மடிப்பில் ஒரு கறுப்புக் கோடு இருக்கும். நான் கன்னியர் மடத்துச் சிஸ்டர்மாரிடம் தையலும் பூவேலையும் பழகி, பதினேழு வயதில் வீடு வீடாகப் போய்த் தைத்துக் கொடுக்கத் தொடங்கியிருந்தேன். யாரோடும் நிமிர்ந்து பேசமாட்டேன். தலையைக் குனிந்துகொண்டிருக்கும் தொழில் எனக்குச் சரியாகப் பொருந்தியது.

ரீச்சர் வெள்ளவத்தையில், ரயில் பாதைக்கும் கடலுக்கும் பக்கத்தில், ஒரு வீட்டின் பின்னறைகளில் தனியாக இருந்தார். யாழ்ப்பாணத்துப் பெண். என்னைவிடப் பத்து வயது கூட இருக்கலாம், அவ்வளவுதான். முதலில் சட்டை தைக்கத்தான் என்னைக் கூப்பிட்டார். நான் கடுதாசியில் அளவு வரைந்து துணிமேல் வைக்கும்போது கடல் காற்று தூக்கிக்கொண்டு போகும். உடனே அலுமாரியிலிருந்து நாலு வெள்ளைக் கல்லைக் கொண்டுவந்து நாலு மூலையிலும் வைப்பார். அந்தக் கற்களுக்குள் சிப்பிகளின் அச்சு இருந்தது. ஊரில் கிணறு வெட்டும்போது வந்த கல் என்றார். கிணற்றுக்குள் சிப்பி எப்படிப் போனது என்று கேட்டேன். “எங்கட வீட்டு முத்தத்தில முந்திக் கடல் இருந்தது, பிள்ளை. நாங்கள் பிந்தி வந்து குடியேறின ஆக்கள்” என்று சிரித்தார். ஏதோ பகிடி என்று நினைத்து நானும் சிரித்தேன்.

அந்தக் காலத்தில் அவர் படிப்பித்த பம்பலப்பிட்டிப் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்கு விஞ்ஞான வகுப்பு இல்லை. மேல்வகுப்புப் பிள்ளைகளுக்காவது அப்படி ஒரு வகுப்பு வேண்டும் என்று ரீச்சர் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பள்ளிக்கூட மனேஜர் கடைசியில் ஒரு வழி சொன்னாராம். வருடக் கண்காட்சிக்கு இன்ஸ்பெக்டர் துரை வருவார், அவருக்குப் பிடித்த மாதிரி ஏதாவது செய்து காட்டுங்கள், அவர் நல்லது என்று எழுதினால் வகுப்புத் திறக்கலாம், இல்லாவிட்டால் இந்தக் கதையை இனி எடுக்கக்கூடாது என்று. ரீச்சர் செய்து காட்ட நினைத்தது பூமியின் வயதை.

அதற்காக ஒரு சீலையை எடுத்து வைத்திருந்தார். முந்தின வருடம் இறந்துபோன தன் தாயாரின் வெள்ளைச் சீலை, ஆறு யார் நீளம், வாயில் என்று சொல்கிற மெல்லிய துணி. பூமிக்கு இரண்டாயிரம் மில்லியன் வருடம் வயது என்று அப்போதைய புத்தகத்தில் இருந்ததாம். பத்து மில்லியன் வருடத்துக்கு ஓர் அங்குலம் என்று கணக்குப் போட்டால் இருநூறு அங்குலம். சீலை இருநூற்றுப் பதினாறு அங்குலம். இரண்டு பக்கமும் எட்டெட்டு அங்குலம் கம்பு கோக்க மடிப்புக்கு விட்டால் கணக்கு அப்படியே வந்துவிடும். அது வந்த சந்தோஷத்தில் ரீச்சர் எனக்கு இரண்டாம் தரம் தேத்தண்ணி ஊற்றித் தந்தது நினைவிருக்கிறது.

பென்சிலால் அவர் வரைந்து தருவார், நான் நூலால் தைப்பேன். எல்லாப் பிராணிகளும் சீலையின் கடைசி ஐம்பது அங்குலத்துக்குள்தான். முதலில் கடலடியில் ஊர்கிற, உடம்பெல்லாம் வரிவரியான ஒரு பூச்சி. மரவட்டையா என்று கேட்டதற்கு, மரவட்டைக்குத் தூரத்துச் சொந்தம், ஆனால் கலியாண வீட்டுக்குச் சொல்லியனுப்புகிற அளவுக்குக் கிட்டின சொந்தமில்லை என்றார். பிறகு மீன்கள். முடிவிலிருந்து இருபத்தைந்து அங்குலத்தில் சுருள் இலை விடுகிற பெரிய பெரிய பன்னச் செடிகளாய் ஒரு காடு. அந்தக் காடு சேற்றில் புதைந்துதான் நிலக்கரி ஆனது என்று சொல்லிவிட்டு, “உங்கட அப்பா முதுகில சுமக்கிறது இதைத்தான்” என்றார். அன்றைக்கு அந்தப் பன்னங்களை நான் பச்சை நூலில் மிகவும் கவனமாகத் தைத்தேன். அதன் பிறகு உடும்பு மாதிரி, ஆனால் வீட்டைவிடப் பெரிய விலங்குகள். அவை முடிவுக்கு ஆறேழு அங்குலம் இருக்கும்போதே அழிந்துவிடும். யானைக்குப் போதிய இடமே இல்லை. மனிதர் எங்கே என்று கேட்டேன். கடைசி விளிம்பில் சிவப்பு நூலால் ஒரே ஒரு தையல் போடச் சொன்னார். ராசாக்கள், யுத்தங்கள், நாங்கள், வேதாகமத்தில் வருகிறவர்கள் எல்லோரும் அந்த ஒரு தையலுக்குள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் போட்டேன்.

மற்ற நூற்றைம்பது அங்குலமும் வெறும் வெள்ளை. அங்கே என்ன தைக்க வேண்டும் என்று ஒருநாள் கேட்டேன். “ஒண்டும் தைக்க வேண்டாம். அந்த வெறும் துணிதான் பிள்ளை பாடம். இன்ஸ்பெக்டர் நடந்து நடந்து களைக்க வேணும்” என்றார். இந்த வார்த்தைகள் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று பல வருடம் எனக்கே நான் சொல்லிக்கொண்டு வந்தேன். கேட்டது. நன்றாகவே கேட்டது.

அதே மாதத்தில்தான் தங்கச்சிக்கு முதல் நன்மை வந்தது, வெள்ளையுடுத்துக் கோயிலில் முதன்முறையாக நற்கருணை வாங்குகிற நாள். எட்டு வயது. துணியெல்லாம் பங்கீட்டுக் கூப்பனுக்கு, அதுவும் கிடைக்கிற நிறத்தில். அம்மா தினமும் இதே புலம்பல். “வெள்ளைக்கு எங்க போறது மகள்? கூப்பனுக்குத் தர்ற காக்கியில தைச்சுப் போட்டா, இந்தப் பிள்ளை நன்மை வாங்கப் போகுதா, பட்டாளத்துக்குப் போகுதாண்டு ஒழுங்கையே கேட்கும்” என்பார். அடுத்த வீட்டுப் பிள்ளையின் பழைய சட்டையை இரவல் கேட்டு, இல்லை என்று சொல்லப்பட்டு, அம்மா முகம் சிவந்து திரும்பி வந்ததையும் பார்த்தேன். இதையெல்லாம் தைத்துக்கொண்டே ரீச்சரிடம் சொல்லியிருக்கிறேன். வாய் திறக்காத நான் அவரிடம் மட்டும்தான் கதைப்பேன்.

கண்காட்சிக்கு மூன்று நாள் இருக்கும்போது, ஓரம் மடித்துக் கொண்டுவருகிறேன் என்று சீலையைக் கொட்டாஞ்சேனைக்கு எடுத்து வந்தேன். பகல் நேரம், வீட்டில் யாருமில்லை. இரண்டு பாயை விரித்துச் சீலையைப் போட்டேன். அது இரண்டு பாயையும் தாண்டி அடுப்படி வரை போனது. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வெட்டி மிஞ்சுகிற துண்டு தைக்கிறவளுக்கு. எந்த வீட்டிலும் அதைத் திருப்பிக் கேட்கமாட்டார்கள், கொடுத்தாலும் வாங்கமாட்டார்கள். வேலைப்பாடு இருக்கிற பக்கத்தை வைத்துக்கொண்டு வெறும் பக்கத்தைக் குறைப்பதுதான் நாங்கள் பழகியது. இதுவும் மிஞ்சின துண்டுதானே, ஒன்றுமே இல்லாத இடம்தானே என்று என் கைக்கு நானே சொன்னேன். மடிப்புக்கு எட்டு அங்குலமும், பார்வைக்கு வெறும் துணி இருபது அங்குலமும் விட்டுவிட்டு வெட்டினேன். நூற்று முப்பது அங்குலம். அந்த மெல்லிய துணி வெட்டுப்படும்போது சத்தமே வராது. ஓரத்தை என் வாழ்நாளில் அவ்வளவு நேர்த்தியாக மடித்ததில்லை.

சட்டையும் தலைக்கு முட்டாக்கும் தைத்து முடித்தேன். ஏது துணி என்று அம்மா கேட்டார். வெட்டுத்துண்டு என்றேன். மூன்றரை யாருக்கு மேல் வெட்டுத்துண்டு எந்த வீட்டிலும் மிஞ்சாது என்பது அம்மாவுக்குத் தெரியும். சிரட்டைக் கரியை ஊதி ஸ்திரிக்கைப்பெட்டியைச் சூடாக்கத் தொடங்கினார்.

கண்காட்சியன்று வேண்டுமென்றே பிந்திப் போனேன். விரித்துப் பார்க்க நேரமிருக்கக்கூடாது என்பதுதான் எண்ணம். சுருட்டிக் கட்டிய சீலையை ரீச்சர் வாங்கி, நன்றாயிருக்கிறது என்று ஓரத்தை மட்டும் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே ஓடினார். கொடுத்துவிட்டு நான் திரும்பியிருக்கலாம். ஏனோ வாசலில் நின்றேன். இன்ஸ்பெக்டர் ஒரு பறங்கித் துரை. ரீச்சர் இங்கிலிஸில் ஏதோ சொல்லத் தொடங்கினார். முதற் பிள்ளை ஒரு முனையைப் பிடிக்க, மற்றப் பிள்ளைகள் கைமாற்றிச் சீலையை விரித்துக்கொண்டு போனார்கள். இரண்டாவது பிள்ளையின் கையிலேயே பூச்சி வந்துவிட்டது. ஐந்தாவது பிள்ளையோடு சரி. துரை இரண்டடி நடந்தார், முடிந்தது. கடைசிப் பிள்ளையின் வெறுங்கையைப் பார்த்துச் சிரித்தார். கெட்ட சிரிப்பல்ல. ஆனால் மனேஜர் விடவில்லை.

“என்ன ரீச்சர், ஒரு கிழமைக்குள்ள பூமிக்கு வயசு குறைஞ்சு போச்சோ?” என்றார் எல்லோருக்கும் கேட்க. பெற்றோர்கள் சிரித்தார்கள்.

ரீச்சர் வெறும் முனையைக் கையில் எடுத்து, என் மடிப்பின்மேல் விரலை ஓட்டினார். தலையை நிமிர்த்தி வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். இப்போது சொல்லுவார், சொல்லட்டும் என்று காத்திருந்தேன். நானாகச் சொல்லியிருக்கலாம். வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றேன். ரீச்சர் மனேஜர் பக்கம் திரும்பி, “அளவை நான் பிழையாய் எடுத்திட்டன், சேர்” என்றார்.

“அளக்கவே தெரியாத இடத்தில சயன்ஸ் வகுப்பு என்னத்துக்கு?” என்று மனேஜர் கேட்டார். அதோடு அந்தக் கதை முடிந்தது. வகுப்புத் திறக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி வெள்ளையுடுத்து, தேவதூதர் மாதிரிக் கோயிலுக்குள் நடந்து போனாள். வீட்டார் எல்லோரும் அவளோடு நன்மை வாங்குவது வழக்கம். நான் சுவாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யவில்லை. எந்த முகத்தோடு வாங்குவது? அந்தக் காலத்தில் நடுச்சாமத்திலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல்தான் நன்மை வாங்க வேண்டும். ஆகவே புறப்படுமுன் குசினிக்குள் போய், அம்மா பார்க்கும்படியாக ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் குடித்தேன். ஐயோ, மறந்து குடித்துவிட்டேனே என்று சொன்னேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. எல்லோரும் எழுந்து பீடத்துக்குப் போக, நான் மட்டும் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த கிழமை ரீச்சர் வீட்டுக்குப் போனேன். போகாமலிருந்தால் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்ற பயத்தில்தான் போனேன், நல்ல மனதில் அல்ல. வழமைபோலத் தேத்தண்ணி தந்தார். ஒரு பாவாடையின் ஓரம் தைக்கத் தந்தார். நான் குனிந்து தைத்துக்கொண்டிருக்கும்போது மெதுவாகக் கேட்டார்: “தங்கச்சிக்கு அளவாய் இருந்துதோ?”

“ஓம் ரீச்சர்” என்றேன்.

“நல்லது” என்றார். அதற்குப் பிறகு நான் அந்த வீட்டுக்குப் போகவில்லை. அடுத்த பள்ளித் தவணையோடு அவர் ஊருக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதலாம் என்று எத்தனையோ தரம் நினைத்தேன். என் எழுத்தைக் காட்ட வெட்கம் என்று எனக்கே சாட்டுச் சொன்னேன். இன்றைக்கு அவர் இல்லை. தங்கச்சியும் இல்லை, அவளுக்கு நான் சொன்னதேயில்லை.

இப்போது இதை எழுத ஒரு காரணம் உண்டு. அந்தப் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவிகள் ஒரு நினைவு மலர் அச்சடிக்கிறார்கள். என் பேத்தி அங்கே படித்தவள், எல்லோரிடமும் பழைய கதைகள் சேர்க்கிறாள். ஒருநாள் சிரித்துக்கொண்டே வந்து, பூமியை அளக்கத் தெரியாமல் ஒரு சீலையைக் கட்டையாக வெட்டிய ரீச்சரின் கதையைப் பாட்டி கேட்டிருக்கிறீர்களா என்றாள். இத்தனை வருடமாக அந்தக் கதை அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. ரீச்சர் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தது ஒருவருக்கும் நினைவில்லை. அளக்கத் தெரியாதவர் என்பது மட்டும் நினைவிருக்கிறது. அன்றைக்கு நான் பேத்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கையிலிருந்த குறிப்புப் புத்தகத்தை மூடினாள். பிறகு, பூமியின் வயது இப்போது நாலாயிரத்து அறுநூறு மில்லியன் வருடம் என்கிறார்கள் என்றாள். நான் வெறுமை என்று நினைத்த காலத்திலும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கடலில் இருந்தனவாம். அவை விட்ட மூச்சில்தான் காற்றே எங்களுக்குச் சுவாசிக்கக் கூடியதானதாம்.

ரீச்சரின் கணக்குப்படி பார்த்தால் இப்போது பன்னிரண்டே முக்கால் யார் துணி வேண்டும் என்று வருகிறது. விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன், சரியோ தெரியாது. படித்தவர்கள் யாராவது இந்த மில்லியன்களையும் அங்குலங்களையும் ஒருமுறை பார்த்துத் திருத்தித் தாருங்கள். என் எழுத்துப் பிழைகளையும் திருத்துங்கள். துணியை வெட்டியது நான் என்று எழுதியிருக்கிற இடத்தில் மட்டும் கை வைக்க வேண்டாம்.