கறுப்பு வண்டி வாங்கிய வருஷம்

விடிகாலையில் எங்கள் தெருவில் மனிதர்களுக்கு முன்னால் எழுந்துகொள்வது பட்டு வேகிற வாடைதான். பிள்ளையார்பாளையத்தின் சாயப்பட்டறைகளில் சோப்பும் சோடாவும் போட்டுப் பட்டு நூலை வேகவைக்கும்போது கிளம்புகிற, லேசாகக் குமட்டுகிற அந்த ஈர வாடையிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது வாடையாகவே தெரியாது. நான் ஏழாவது படித்த வருஷம் அதற்குள் இன்னொன்று வந்து கலந்தது. மண்ணெண்ணெயில் வாழைப்பழத்தைப் பிசைந்து வைத்த மாதிரி ஒரு மணம். அப்பா வாங்கிவந்த பாலீஷ் டப்பாவின் மணம். இன்றைக்கும் எங்காவது ஒரு கார் பட்டறையைக் கடக்கும்போது அது மூக்கில் பட்டால் எனக்குக் கார் ஞாபகம் வருவதற்கு முன்னால் தோள்பட்டை வலிக்கிறது.

அப்பா, கல்யாணத்துக்கு முன்பிருந்தே, ராஜவீதிப் பக்கம் ஒரு பட்டு ஜவுளிக்கடை முதலாளிக்கு வண்டி ஓட்டியவர். பிறகு ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனிகள் வந்தபோது, ஆட்களை ஏற்றிப்போகும் பஸ்ஸுக்கு டிரைவராகப் போனார். அங்கே சேர்ந்த கொஞ்ச காலத்தில் கடன் போட்டு ஒரு புதுக் கார் வாங்கினார். பழைய வண்டி போதும் என்று அம்மா சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. நிறமும் அவரே தேர்ந்தெடுத்ததுதான். வண்டி தெருவுக்குள் வந்து நின்ற அன்று எதிர்வீட்டு நெசவுக்காரர், "இன்னா கலர்பா இது, சனீஸ்வரனுக்கு நேர்ந்துக்கினியா?" என்று கேட்டார். அப்பா சிரித்துவிட்டு வந்தார். வீட்டுக்குள் வந்தபின் அம்மாவிடம் மட்டும், "வெள்ள வண்டின்னா முதலாளி வூட்டு வண்டிய எடுத்துக்கினு வந்துகிறான்னு நெனப்பாங்க. இது நம்முளுதுன்னு தெரியட்டும்" என்றார்.

கறுப்பு நிறம் எவ்வளவு வேலை வைக்கும் என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. வெள்ளை வண்டி தூசியைத் தனக்குள் வைத்துக்கொள்ளும். கறுப்பு வண்டி காட்டிக்கொடுத்துவிடும். மஞ்சள் தூள் மாதிரி படிகிற மண், தறிவீடுகளிலிருந்து பறந்துவரும் நூல் பிசிறு, காக்கை எச்சம், தெருமுனை வேப்பமரத்திலிருந்து சொட்டுகிற பிசுக்கு, வேலியைத் தாண்டி வந்து முதுகைச் சொறிந்துகொள்ள இடம் தேடுகிற மாடு, பின்கண்ணாடியில் விரலால் தன் பெயரை எழுதிப் பார்க்கிற பிள்ளைகள் என்று அதற்கு எங்கள் தெரு முழுக்க எதிரிகள். கோயிலில் பூஜை போட்டபோது குருக்கள் பேனட்டில் சந்தனமும் குங்குமமும் அழுத்திவைத்ததை, அடுத்த திருப்பத்திலேயே வண்டியை ஓரங்கட்டி அப்பா ஈரத்துணியால் ஒற்றி எடுத்தார். அபசகுனம் என்று அம்மா முணுமுணுத்தாள். "சாமி கோச்சிக்காது. பெயிண்ட்டு கோச்சிக்கும்" என்றார் அப்பா. அந்தச் சமயத்தில் நாங்கள் எல்லாருமே சிரித்தோம்.

காலையில் தெருவில் தறிக்கான நெடுக்கு நூலை நீளமாகப் பாவு கட்டி அதற்குக் கஞ்சி போட ஆரம்பிப்பார்கள். அதற்குள் வண்டியை வெளியே நகர்த்தியாக வேண்டும். நகர்த்துவதற்குள் கழுவியாக வேண்டும். அப்பா கம்பெனி பஸ்ஸை எடுக்கப் போவதற்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும். ஆகவே நாங்கள் நான்கு பேருமே இருட்டோடு எழுந்தோம். போர் தண்ணீர் உப்புத் தண்ணீர். அது காய்ந்தால் கறுப்பில் வெள்ளை வெள்ளையாகப் பொட்டு விழும். அதனால் வண்டிக்கு முனிசிபாலிட்டித் தண்ணீர். அந்தத் தண்ணீர் குழாயில் எப்போது வரும் என்பது யாருக்கும் தெரியாது, வந்தால் குடிக்கவும் சமைக்கவும் பிடித்துவைப்போம். அம்மா தவலையிலிருந்து பக்கெட்டில் சாய்க்கும்போது முகத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருக்கும். நான் தண்ணீர் ஊற்ற, தம்பி சக்கரத்தைத் தேய்க்க, அம்மா பழைய பனியன் துணியால் ஒற்ற, கடைசியில் அப்பா டப்பாவைத் திறந்து பாலீஷைத் தொட்டு, உள்ளங்கை அளவு இடமாகத் துடைத்துக்கொண்டே வருவார்.

"வட்டம் போடாதமா, நேரா இழு." துணியை என் கையில் தரும்போதெல்லாம் சொல்கிற இதுதான் அவருடைய வேதம். வட்டமாகத் துடைத்தால் வெயிலில் சிலந்திவலை மாதிரிக் கோடு தெரியுமாம். துணி கீழே விழுந்துவிட்டால் மறுபடி எடுக்கக் கூடாது, அதில் ஒட்டிய ஒரு மணல் போதும் என்பார். வண்டிக்கு உறை போடுவதற்கு முன்னால் தூசி தட்டக் கூடாது, கழுவத்தான் வேண்டும். அம்மா வண்டியில் ஏறும்போது கண்ணாடி வளையலைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொள்வாள். இடுப்பில் செருகிய சாவிக்கொத்தையும் உருவி என்னிடம் தருவாள். அதற்குள்ளும் ஏதாவது உரசிவிடுமோ என்று அப்பாவின் கண்கள் அவளுடைய இடுப்பிலேயே இருக்கும். ஏறி உட்கார்ந்தபின் அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருப்பாள். யாரோ வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டவள் மாதிரி.

அம்மா பகலெல்லாம் எதிர்வீட்டுத் தறிக்குத் தார் சுற்றுவாள். ராட்டையில் ஊடை நூலைச் சின்னக் குச்சிகளில் சுற்றிக்கொடுக்கிற வேலை. வலது கை சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தக் கையால்தான் காலையில் வண்டியையும் துடைத்தாள். ராத்திரி தைலம் தேய்த்துக்கொண்டு படுப்பாள்.

கார்த்திகை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதியத்திலிருந்து அப்பா ஒருவராகவே வண்டியை மெருகேற்றி முடித்திருந்தார். மாலையில் தூறல் பிடித்தது. உறையை எடுத்துக்கொண்டு வரச் சொல்லி என்னை அனுப்பிய நேரத்தில், போன் வைத்திருந்த பக்கத்து வீட்டம்மா ஓடிவந்து அம்மாவைக் கூப்பிட்டார். ஓரிக்கையைத் தாண்டிப் பாலாற்றுப் பக்கம் இருந்த எங்கள் மாமா, அம்மாவின் ஒரே தம்பி, ஒழுகுகிற இடத்தில் ஷீட்டைச் சரிசெய்யக் கூரைமேல் ஏறியிருக்கிறார், வழுக்கி விழுந்துவிட்டார், காலை அசைக்க முடியவில்லையாம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஏதாவது வண்டி வேண்டும் என்று மாமி அழுகிறாள்.

அம்மா அடுப்பை அணைத்தாளா என்றுகூட எனக்கு ஞாபகமில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நேராக வந்து வண்டியின் முன்கதவுப் பக்கம் நின்றாள். வளையலைக் கழற்றவில்லை. அப்பா துணியை இரண்டாக மடித்தார், நான்காக மடித்தார். மாமா வீட்டுக்குப் போகிற சந்து எங்கள் எல்லாருக்குமே தெரியும். இரண்டு பக்கமும் வேலிகாத்தான் முள், மாட்டுவண்டி அளவுக்கு வழி, மழை பெய்தால் முழங்கால் சேறு.

"அந்தச் சந்துல வண்டி திரும்பாது. முள்ளு வேற. ஆட்டோ கூப்புடட்டுமா?" என்று கேட்டார்.

அவர் கத்தவில்லை, மறுக்கவும் இல்லை. கேட்கத்தான் செய்தார். அம்மா அவரைப் பார்த்தாள். பிறகு வண்டியைப் பார்த்தாள். தூறல் துளிகள் பேனட்டில் நிற்காமல் முத்துமுத்தாக உருண்டு ஓடிக்கொண்டிருந்தன. அவ்வளவு நன்றாகப் பாலீஷ் பிடித்திருந்தது.

"சரி, கூப்புடுங்க" என்றாள்.

ஆட்டோவில் நானும் அம்மாவும் போனோம். மாமாவை இரண்டு பேர் தூக்கிவந்து உள்ளே வைத்தார்கள். தலை அம்மாவின் மடியில். கால் நீட்ட இடமில்லாமல் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்க, மாமி நனைந்துகொண்டே அதைப் பிடித்தபடி தொற்றிக்கொண்டு வந்தாள். நான் டிரைவர் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்திருந்தேன். சந்து முழுக்கப் பள்ளம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் மாமா அலறினார். பெரிய மனிதர் ஒருவர் அப்படி அலறி நான் அதற்கு முன் கேட்டதில்லை. அம்மா அவர் வாயைத் தன் கையால் பொத்திக்கொண்டு, "தோ வந்துடுச்சி, தோ வந்துடுச்சி" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

பெரிய ஆஸ்பத்திரி வாசலில் எங்களுக்கு முன்னால் அப்பா நின்றார். தார் ரோட்டு வழியாக வண்டியில் வந்திருக்கிறார். ஸ்ட்ரெச்சரை அவரே தள்ளினார், ரத்தம் கொடுக்கச் சட்டைக் கையைச் சுருட்டினார், மாமிக்கு டீ வாங்கிவந்தார். இதையெல்லாம் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஆனால் வெளியே ஸ்கூட்டர்களும் சைக்கிள்களும் நெருக்கியடித்து நின்ற இடத்தை விட்டு, வளாகத்தின் கடைசி மூலையில், சுவரோரம் தனியாக அந்தக் கறுப்பு வண்டி நிறுத்தப்பட்டிருந்தது. அம்மா ஜன்னல் வழியாக அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாமாவுக்குத் தொடை எலும்பு முறிந்திருந்தது. கம்பி வைத்துக் கட்டினார்கள். நடந்தார், ஆனால் ஒரு பக்கம் சாய்ந்து நடந்தார். ஆட்டோவில் வந்ததால்தான் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை, எங்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லை. காரில் வந்திருந்தால் நேராகியிருக்குமா என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அம்மா சண்டை போடவில்லை. காலையில் எப்போதும்போல் தண்ணீர் சாய்த்தாள், துணி பிடித்தாள். வண்டியில் ஏறுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். உத்திரமேரூரில் ஒரு கல்யாணம். நாங்கள் மூன்று பேரும் பஸ்ஸில் நின்றுகொண்டு போய் இறங்கினோம், அப்பா காலி வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். சொந்தக்காரர்கள் கேட்டபோது அம்மா, "எனக்குக் கார்ல ஏறுனா வாந்தி வருது" என்று சொன்னாள். அடுத்த விசேஷத்தில் அவர்களாகவே அதைச் சொல்ல ஆரம்பித்தார்கள். கொஞ்ச நாளில் எங்கள் குடும்பத்தில் அது உண்மையாகிவிட்டது: அவளுக்குக் கார் ஒத்துக்காது.

அப்பா முன்னைவிட அதிகமாகத் துடைத்தார். ஆசையால் இல்லை என்று இப்போது தோன்றுகிறது. வேறு எங்கே கையை வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

மாமாவைக் கட்டுப் பார்க்கவும் பயிற்சிக்கும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வேண்டியிருந்தது. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வண்டியின் இரண்டு பக்கமும், முன்சக்கரத்திலிருந்து பின்விளக்கு வரை, மெல்லிசாக வெள்ளைக் கோடுகள். பூனை பிராண்டியது மாதிரி. யாரிடமும் சொல்லாமல் அப்பா அந்தச் சந்துக்குள் போய் மாமாவை ஏற்றிவந்திருக்கிறார். அதற்குப் பிறகும் போனார், மாமா ஊன்றுகோலை விடும்வரை போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் கோடுகளின் மேல் பாலீஷ் வைத்துத் தேய்ப்பார். சில மறைந்தன. ஆழமானவை அப்படியே இருந்தன. அம்மா பக்கத்தில் நின்று துணியை அலசிக் கொடுத்தாள்.

அவள் மறுபடி வண்டியில் ஏறியது சித்திரை வெயிலில். மார்க்கெட்டிலிருந்து இரண்டு கையிலும் பை, நானும் கூட. பஸ் வரவில்லை. ஷிப்ட் முடிந்து வந்த அப்பா எங்களைப் பார்த்து வண்டியை ஓரங்கட்டினார். இறங்கவில்லை, கூப்பிடவில்லை, எட்டிக் கதவை மட்டும் திறந்துவிட்டார். அம்மா ரோட்டைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், ஏறி உட்கார்ந்தாள். சமாதானம் என்று அதை நான் சொல்லமாட்டேன். கோபமும் ஒரு சுமைதானே; அதையும் தூக்கிக்கொண்டு அந்த வெயிலில் எவ்வளவு தூரம் நடப்பது? வீடு வரும்வரை பைகளை மடியிலேயே வைத்துக்கொண்டாள். வாந்தியும் வரவில்லை.

பிறகு நிறைய வருஷம் அந்த வண்டி எங்களிடம் இருந்தது. கம்பெனி பஸ்ஸை வேறு காண்டிராக்டுக்குக் கொடுத்தார்கள், அப்பா கிடைத்த வேலைக்குப் போனார், தோள் தூக்க முடியாமல் போனது, வண்டியை விற்றார். வந்தவாசியிலிருந்து வந்து வாங்கியவர் மீட்டரைப் பார்த்து, "எங்கியுமே போவலியா நீங்க?" என்று பாராட்டாகத்தான் கேட்டார். அப்பா உறையை மடித்து டிக்கியில் வைத்துக் கொடுத்தார்.

இப்போது அந்த முள்சந்து சிமெண்ட் ரோடு. வேலியை வெட்டி மனை போட்டுவிட்டார்கள், மாமா வீட்டு வாசலில் லாரியே திரும்புகிறது. எங்கள் தெருவில் வரிசையாகக் கார்கள் தூசியோடு நிற்கின்றன. பைபாஸ் ஓரத்தில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவும் கடைகள் வந்துவிட்டன, என் வண்டியையும் அங்கேதான் விடுகிறேன். விடிகாலையில் வாசலில் நின்று துணி பிடிக்கிறவர்கள் யாரும் இல்லை.

போன பொங்கல் விடுமுறையில் அப்பாவையும் அம்மாவையும் மகாபலிபுரம் அழைத்துப்போனேன். இத்தனை கிட்டத்தில் இருந்தும் இரண்டு பேரும் அந்தக் கடலைப் பார்த்ததில்லை. மணல் ஆரம்பிக்கிற இடம்வரை வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். முன்சீட்டிலிருந்து அப்பா மெல்ல இறங்கி, பின்கதவைத் திறந்து அம்மாவுக்குக் கை நீட்டினார்.

"முட்டி வலிக்குதுங்க. மணல்ல நடக்க முடியாது. இங்கருந்தே தெரியுது" என்றாள் அம்மா.

அப்பா கடலை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு, "தள்ளிக்கோ" என்று சொல்லி, அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். ஒரு காரின் பின்சீட்டில் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து அன்றைக்குத்தான் பார்த்தேன். கண்ணாடியை இறக்கிவிட்டேன். காற்று வந்தது. இருட்டுவதற்குள் கிளம்பலாம் என்று அப்பா சொன்னார், அம்மாவும் ஆமாம் என்றாள். சொன்னார்களே தவிர, இரண்டு பேரும் அசையவில்லை. நானும் வண்டியை எடுக்கவில்லை.