இரண்டு ஆஸ்பத்திரிக்கு ஒரு காத்தாயி

அன்னவாசலுக்குக் கிழக்கே ஆடு மேய்க்கும் காத்தாயிக்கு வாழ்நாளில் யாரும் வண்டி அனுப்பியதில்லை. கல்யாணமாகி ஊருக்குள் வந்ததே நடந்துதான். அறுபது தாண்டி, இரண்டு கண்ணிலும் புரை விழுந்த பிறகு, ஒரே காலையில் இரண்டு வேன் வந்து நின்றன.

ஒன்று தர்ம ஆஸ்பத்திரி வேன். இத்தனை ஏழைகளுக்குக் கண் கொடுத்தோம் என்று காட்டினால்தான் அவர்களுக்கு நன்கொடை வரும். இன்னொன்று தனியார் ஆஸ்பத்திரி வேன். கண்ணுக்கு இவ்வளவு என்று அரசாங்கக் காப்பீட்டில் அவர்களுக்குப் பணம் வரும். சேவையில் போட்டி இருந்தால் ஏழைக்கு நல்லது என்று படித்தவர்கள் சொல்வார்கள். அவர்கள் அன்று காத்தாயியின் கைகளைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு கையைத் தர்மம் இழுத்தது, மறு கையை லாபம் இழுத்தது.

“எங்ககிட்ட கம்பளி தருவோம் ஆத்தா,” என்றாள் தர்ம ஆஸ்பத்திரி நர்ஸ் ஷீபா.

“எங்ககிட்ட ஏசி ரூம், அவிச்ச முட்டை,” என்றான் தனியார் ஆள் பிரசாந்த்.

காத்தாயிக்குக் கம்பளியும் வேண்டாம், முட்டையும் வேண்டாம். ஒரு ஆட்டின் முதுகைப் பார்த்தால் போதும். அடையாளத்துக்காகத் தன் ஆடுகளுக்கு அவள் சிவப்புச் சாயம் பூசுவாள், பக்கத்து வீட்டு ராசாத்தி நீலம் பூசுவாள். காத்தாயியின் பட்டியில் நிற்கும் வெள்ளைப் பெட்டையின் முதுகில் நீலம் இருக்கிறது, அது தன் ஆடு என்று ராசாத்தி கத்தினாள். ஊரே நீலம் என்றது. சிவப்புதான், ஊரே ராசாத்தி பக்கம் என்றாள் காத்தாயி. போதாததற்கு, “பொய்யின்னா என் ரெண்டு கண்ணும் அவிஞ்சு போகட்டும்” என்று கோயில் வாசலில் சத்தியமும் செய்துவிட்டாள். அவிந்த கண்ணை வைத்துச் சத்தியமா என்று ராசாத்தி கேட்டதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

“சண்டை போடாதீங்க. எடது கண்ணு தர்மத்துக்கு, வலது கண்ணு கம்பெனிக்கு. அண்ணன் தம்பி வயலப் பிரிக்கிற மாதிரி பிரிச்சுக்கங்க,” என்றாள்.

முதலில் இடது கண். கட்டு அவிழ்த்ததும் நேரே பட்டிக்குப் போனாள். பளிச்சென்று நீலம்.

“ஓசிக் கண்ணுக்கு என்ன தெரியும்? காசு வாங்குற கண்ணு வரட்டும்,” என்று சொல்லிவிட்டாள். ஷீபாவுக்கு அழுகையே வந்துவிட்டது. பிரசாந்த் கூசாமல் வாக்குக் கொடுத்தான்: “எங்க கண்ணுல செவப்பாத்தான் தெரியும் ஆத்தா.”

அடுத்த மாதம் வலது கண்ணும் முடிந்தது. இரண்டு வேனும் கூடவே வந்தன. காத்தாயி இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். நீலம். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். அதே நீலம். இரண்டு ஆஸ்பத்திரியும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

வெட்கம் பிடுங்கித் தின்ன, ஆட்டை இழுத்துக்கொண்டு போய் ராசாத்தி வாசலில் கட்டினாள்.

“ஒன் ஆடுதான். ஒம்மேல அபாண்டமாப் பேசிட்டேன்.”

“போ அங்கிட்டு. இத்தன நாளும் தண்ணி காட்டுனது நீதானே. சினையா நிக்கிது, போடுற குட்டில ஒண்ணு ஒனக்கு,” என்றாள் ராசாத்தி.

காத்தாயி வாய்விட்டு அழுதாள். ஆபரேஷன் செய்த கண், அழக்கூடாது என்று பதறிப்போய் ஷீபாவும் பிரசாந்தும் ஓடிவந்து ஆளுக்கொரு கண்ணைத் துடைத்தார்கள்.