செலோவின் மோவாய்

லைட்டரைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்ப்பார் செலெடோனியோ. உள்ளே எவ்வளவு வாயு இருக்கிறது என்பது வெளிச்சத்தில் பிடித்தாலே தெரிந்துவிடும். ஆனாலும் அவருக்குக் குலுக்க வேண்டும். "இன்னும் உசுரு இருக்கு. தீர்ந்த பிறகு வா" என்று பாதிப் பேரைத் திருப்பி அனுப்பிவிடுவார். மத்தான்சாஸ் நகரத்தில், சிம்ப்சன் பேட்டையின் இறக்கத்தில், வீட்டு வாசலில் சின்ன மேசை போட்டு லைட்டருக்கு வாயு நிரப்புவதுதான் பிழைப்பு. பேட்டை முழுக்க அவருக்குச் செலோ என்றுதான் பெயர்.

மேசைக்கு அடியில் ஒரு ரொட்டிப் பை தொங்கும். ரேஷன் ரொட்டி வாங்கப் போகும்போது மட்டும் அதிலிருப்பதை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொள்வார். விரல் பட்டுப் பட்டு வழுவழுத்துப்போன இரண்டு மரக்கட்டைகள். ரும்பா என்கிற மேள ஆட்டபாட்டம் என்றால் முதலில் அந்தக் கட்டைகள் பேச வேண்டும். மூன்று தட்டு, ஒரு மூச்சு, மறுபடி இரண்டு தட்டு. அது காதில் விழும்வரை எந்தப் பாடகனும் வாய் திறக்க மாட்டான். எந்த மேளத்திலும் கை விழாது.

வாலிபத்திலிருந்து பெனிக்னோ பெத்ரோசோவின் பக்கத்தில் உட்கார்ந்துதான் அவர் கட்டை தட்டினார். பின்வரிசையில் வெறுமே தாளம் சுமந்துகொண்டிருந்த தடித்த கொங்கா மேளத்தை முன்னால் இழுத்துப் பேசவைத்தவர் பெனிக்னோ. கடல் தாண்டியிருக்கும் ஊர்களிலும் இன்று அவர் கையைப் பார்த்துத்தான் வாசிக்கிறார்கள். அவரைத் தேடி வந்த வெளியூர்க்காரர்கள் படம் எடுக்கும்போதெல்லாம், ஓரத்தில் குனிந்த தலையொன்றும் விழும். அது செலோ. தட்டும்போது அவர் நிமிர்ந்து பார்த்ததே கிடையாது.

"என்னய்யா, தரையில ஊசி தேடறியா?" என்பார் பாடகர் தோரிபியோ.

"உன் தொண்டையைத்தான் தேடறேன். நேத்து இங்கதானே விழுந்துது" என்பார் செலோ.

அவர் தேடியது ஊசியுமல்ல, தொண்டையுமல்ல. பெனிக்னோவின் இடது குதிகால். அது தரையைவிட்டு எழும்பும். அது இறங்கும்போது செலோவின் கட்டை விழும். அவ்வளவுதான் அவர் வித்தை. கட்டைக்காரர்தான் எல்லாரையும் நடத்துகிறார் என்று பேட்டை நம்பியது. மேளக்காரனின் காலைப் பார்த்துத் தட்டுகிறோமே என்ற கூச்சத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை, பெனிக்னோவிடம்கூட.

மழைக்காலம் பிறந்த ஒரு காலையில், காப்பிக் கோப்பையைக் கீழே வைக்கக் குனிந்த பெனிக்னோ அப்படியே சரிந்துபோனார். அவர் மேளத்தைச் சுவரைப் பார்த்துப் படுக்கப்போட்டார்கள். அந்தப் பேட்டையில் மேளக்காரன் போனால் அதுதான் முறை. துக்கம் கழிகிற ஞாயிறன்று மேளத்தை நிமிர்த்தி, செத்தவனோடு தட்டிய கட்டைக்காரர் தட்ட வேண்டும். தட்டாவிட்டால் மேளம் திரும்பவும் படுத்துவிடும். அதற்குப் பிறகு அதை எவரும் தொடமாட்டார்கள்.

ஞாயிறு நெருங்க நெருங்கச் செலோ கை வலி என்றார்.

"லைட்டர் மூடியைத் திறக்கிற கைக்கு வலி இல்லையாக்கும்" என்றார் தோரிபியோ.

"அது வேற கை."

"உனக்கு எத்தனை கைய்யா?"

செலோ எரிகிற லைட்டர்களைக்கூட மறுபடி மறுபடி குலுக்கிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். பெனிக்னோ வீட்டு முற்றத்தில், செத்தவருக்கென்று மூலையில் ரம் தெளித்தாயிற்று. மகள் யுலைசி மேளத்தை நிமிர்த்தி அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். தோரிபியோ தொண்டையைச் செருமினார். செலோ பழக்கத்தில் குனிந்தார். குதிகால் இருந்த இடத்தில் சிமென்ட் தரை மட்டும் இருந்தது. அதில் ஓர் எறும்பு, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தது. கட்டைகள் அவர் கையில் வெறும் விறகாகக் கனத்தன.

பெனிக்னோவின் மனைவி நெரெய்தா பக்கத்தில் வந்து குனிந்தாள். "என்ன செலோ, ஆரம்பி."

"எனக்கு ஆரம்பம் தெரியாது அண்ணி." "நான் அவன் குதிகாலைப் பாத்துத் தட்டினவன். இத்தனை வருசமும் அப்படித்தான். எனக்குன்னு ஒண்ணும் தெரியாது."

நெரெய்தா அவரையே பார்த்தாள். சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியாத ஒன்று அவள் முகத்தில் ஓடியது.

"அந்த மனுசன் எங்கிட்ட வேற மாதிரி சொன்னாரே. கட்டை விழறதுக்கு முன்னாடி உன் மோவாய் லேசா இறங்குமாம். அதைப் பாத்துத்தான் காலைத் தூக்குவேன்னாரு. 'செலோ மோவாயைத் துண்டு போட்டு மூடிட்டா எனக்கு மேளமே வராதுடி'ன்னு எத்தனை தடவை சொல்லியிருக்காரு தெரியுமா?"

"பொய் சொல்லியிருக்கான்."

"அவரா? பல் கட்டினதைக்கூட மறைக்கத் தெரியாம ஊருக்கெல்லாம் காட்டிட்டுத் திரிஞ்ச ஆளு."

செலோ மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். அவன் காலை நான் பார்த்தேன். என் மோவாயை அவன் பார்த்தான். அப்படியானால் இத்தனை ரும்பாவையும் ஆரம்பித்தது யார்? கல்யாணங்கள், திருவிழாக்கள், நகரமே ஆடிய இரவுகள்... ஒருவரும் ஆரம்பிக்காமலா அவையெல்லாம் நடந்தன? இதைக் கேட்க உலகத்தில் ஒரே ஆள்தான் இருந்தான். கேட்டிருக்கலாம். ஒரே ஒரு நாள் நிமிர்ந்து பார்த்திருந்தால்கூடப் போதும், அவன் கண் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கும். வந்தது துக்கம் அல்ல, ஏதோ கோபம் போல ஒன்று. அதுவும் யார்மேல் என்று விளங்கவில்லை.

அப்போதுதான் நிமிர்ந்தார். யுலைசி அவர் கைகளைப் பார்க்கவில்லை, கட்டைகளையும் பார்க்கவில்லை. அப்பா சொல்லிவைத்திருக்க வேண்டும்; அவர் மோவாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். செலோவுக்கு உடம்பெல்லாம் கூசியது. கட்டை பிடித்த கையை உயர்த்தி மோவாயை மறைத்துக்கொண்டார். முற்றம் காத்திருந்தது.

வெகுநேரம் கழித்து, முகம் கழுவாத பிள்ளை வெளிச்சத்துக்கு வருவதுபோல, கையை மோவாயிலிருந்து மெல்ல எடுத்தார்.